மே முதல் அனைவருக்கும் ஓய்வு

என் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சுகம் என்றால் உடம்பு அளவில் சுகம், புத்தி அளவில் எப்படி என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் அந்த மூன்றாவது ஆசாமியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் விடிந்தால் எழுந்தால் எனக்கு நினைப்பு. உனக்கே ஒரு பாப்பா பிறக்கப் போகிறது, இன்னும் உன்னைப் பாப்பா என்று எழுதுகிறேனே என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். கால் வீக்கம் குறைந்ததா? படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை வை, ஒன்று போதாது. ஜன்னல் திரையை மாட்ட ஸ்டூலில் ஏறினேன் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறாய், திரை இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும், எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறார். இதையெல்லாம் போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ இடையிடையே சிரிப்பாய், ரொம்பச் சிரித்தால் வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று நீதானே சொன்னாய், கடிதம் என்றால் நிறுத்தி மூச்சு வாங்கிப் படிக்கலாம். அதனால் உட்கார்ந்துகொண்டு படி, ஸ்டூலில் அல்ல.

போன தடவை பேசியபோது, அப்பா நிஜமாவே வருவாராம்மா, இல்ல என் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வருவாரா என்று கேட்டாய். கேட்டதில் தப்பே இல்லை. மத்தியானச் சங்கு ஊத வேண்டும் என்று மாலையும் கழுத்துமாக நின்ற பெற்ற மகளை விட்டுவிட்டுப் பொத்தான் ஃபேக்டரிக்கு ஓடிய மனுஷன் அவர். ஆல்பத்தில் பாதிக்கு மேல் ஆளையே காணோம், யாரோ மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் போய் நீங்கதான் பொண்ணோட அப்பாவா என்று கேட்டு அவரும் பாவம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தார். நீ பிறந்த அன்றைக்கும் அதே கூத்துதான். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி போனதும் சந்தோஷத்தில் சங்கின் கைப்பிடியை இழுத்தவர் விடவே இல்லையாம், ஷிப்ட் முடிந்துவிட்டது என்று மொத்த ஃபேக்டரியும் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டது, அப்போதிருந்த மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது பொம்பளப் பிள்ளை சார் என்று மட்டும் சொன்னாராம். அந்தக் கொட்டகை உனக்கு நினைவிருக்கும், வாசலுக்கு இடது பக்கம், ஒரு ஆள் நிற்கவும் ஒரு ஆள் உட்காரவும் இடம், சுவரில் வட்டக் கடிகாரம், கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் குழாய், பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன அந்தக் கைப்பிடி. அவர் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, சங்கண்ணன் என்றால் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். ஏப்ரல் கடைசி நாளோடு அவருக்கு வேலை முடிகிறது, மே மாதம் மூட்டை கட்டுகிறோம், உன் பிரசவத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வந்து உன் பக்கத்தில் இருக்கிறோம் என்பது பேச்சு. ஆனால் ஏப்ரல் நெருங்க நெருங்க ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார். நீ மட்டும் போயிட்டு வாயேன், நான் வீட்டப் பாத்துக்கறேன் என்று ஆரம்பித்தார். வீடு என்ன எழுந்து ஓடியா போகிறது? நான் மட்டும் பெட்டியோடு வந்து இறங்கினால் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான், இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

மே முதல் தேதி நம்ம ஊரில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் அவருக்காகச் சொல்கிறேன். அது முதலில் வசந்தத் திருநாள். வாசலுக்கு வாசல் பூ, சதுக்கத்தில் நட்ட கம்பம், கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கும் கலர் கலர் ரிப்பன், ஆளுக்கொரு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். பிறகு அதே நாளைத் தொழிலாளர்களும் தங்கள் நாளாக எடுத்துக்கொண்டார்கள், நல்லதுதானே, பூவுக்கு ஒரு நாள் உண்டென்றால் உழைக்கிறவனுக்கும் ஒரு நாள் வேண்டாமா. இப்போது ஒரே சதுக்கம், ஒரே மைக், கம்பத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் சங்கத் தலைவர். சங்கு ஒருத்தர், சங்கம் ஒருத்தர் என்று இந்த ஊர் அந்த இரண்டு பேர் வாயில்தான் இத்தனை வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஃபேக்டரி லீவு, ஆனால் உன் அப்பாவுக்கு மட்டும் லீவு கிடையாது. யாரும் வரச் சொன்னதில்லை, அவராகவே வழக்கம்போல் போய் விடியற்காலையில் ஊதிவிட்டு வருவார். லீவுன்னு ஜனங்களுக்கு யாரு சொல்றது, ஊதினாத்தான தூங்கலாம்னு தெரியும் என்பார். நம் எதிர்வீட்டுத் தையல்காரர் வருஷா வருஷம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, தூங்கலாம்னு சொல்றதுக்காக எழுப்பி விடறீங்களேண்ணே, இது நியாயமா என்று கேட்பார், அப்பாவும் வருஷா வருஷம் ஆமா, இப்ப போயித் தூங்குங்க என்பார்.

இந்த வருஷம் என்ன ஆயிற்று என்றால், தலைமை ஆபீஸிலிருந்து நம்ம ஃபேக்டரி டைப்பிஸ்ட் பெண்ணுக்குப் போன் வந்திருக்கிறது, மே முதல் தேதி லீவு, போர்டில் எழுதிப் போட்டுவிடு, கொஞ்சம் அழகாக எழுது என்று. அந்தப் பெண்ணுக்கு அன்று சாயங்காலம் அக்கா ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரம். போர்டில் முக்கால்வாசி இடத்தைக் கேன்டீன்காரர் டீ டம்ளர்களைத் திருப்பித் தராதவர்களைத் திட்டி எழுதிய சமாச்சாரம் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை அழித்தால் அவர் சண்டைக்கு வருவார். மீதி இருந்த மூலையில் விடுமுறை என்று எழுத இடம் போதாது என்று ஓய்வு என்று எழுதினாள், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாளாம். முதல் தேதி என்பதில் தேதிக்கும் இடம் இல்லை. கடைசியில் "மே முதல் அனைவருக்கும் ஓய்வு, இப்படிக்கு நிர்வாகம்" என்று எழுதிவிட்டு, கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, தன் போனை மேஜை டிராயரிலேயே மறந்து வைத்துப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள், அதாவது ஏப்ரல் கடைசி நாள், காலையில் வந்தவர்கள் எல்லாரும் போர்டைப் படித்தார்கள். பொத்தான் அறுக்கிற பிரிவு படித்தது, ஓட்டை போடுகிற பிரிவு படித்தது, பாலிஷ் பிரிவு படித்தது. மே முதல். அனைவருக்கும். ஓய்வு. அதாவது மே மாதத்திலிருந்து எல்லாரையும் வேலையிலிருந்து ஓய்வு பெற வைத்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. அப்பா கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார், எல்லாருக்கும் சங்கு ஊதிட்டாங்கண்ணே என்றார்களாம். நான் இன்னும் ஊதலையேப்பா என்று இவர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

மேனேஜர் என்ன செய்தார் என்று நீ கேட்பாய். அவரும் போர்டைத்தான் படித்தார். ஊருக்குப் போயிருந்தவர் அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தார், இப்படிக்கு நிர்வாகம் என்று இருக்கிறதே, மேலிடம் தன்னிடம் சொல்லாமல் முடிவெடுத்துவிட்டது என்று மனசு உடைந்துபோய்விட்டார். தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டால் திருநாளுக்கு அவர்கள் முதல் நாளே பூட்டிவிட்டார்கள், டைப்பிஸ்டுக்குப் போட்டால் பக்கத்து மேஜை டிராயருக்குள் அடிக்கிறது, அடிக்கிற டிராயரை மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு வெறித்துப் பார்த்தாராம். யாரோ தைரியமாக, சார் அனைவருக்கும்னா உங்களுக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் போர்டை இன்னொரு தரம் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து ஓரமாகப் போய் நின்றுகொண்டார். போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், பத்தொன்பது வயசு இருக்கும், பொத்தான் பொறுக்கும் பிரிவு, அவள்தான் அதிகமாக அழுதது. எங்க வீட்டில என்ன சொல்லுவேன், சேந்ததையே இன்னும் சரியாச் சொல்லி முடிக்கலையே என்றாளாம்.

ஓய்வு என்று வந்துவிட்டால் பிரிவு உபசாரம் செய்ய வேண்டாமா? ஆனால் எல்லாருமே ஓய்வு பெற்றால் யார் யாரை வழியனுப்புவது? சங்கத் தலைவர்தான் வழி கண்டுபிடித்தார், காலை ஷிப்ட் சாயங்கால ஷிப்டை வழியனுப்பும், பிறகு சாயங்கால ஷிப்ட் காலை ஷிப்டை வழியனுப்பும் என்று. பூ எல்லாம் கம்பத்துக்குப் போய்விட்டதால் மாலைக்குப் பூ கிடைக்கவில்லை, நாலு ஓட்டைக்குப் பதில் மூன்று ஓட்டை விழுந்து ஒதுக்கி வைத்திருந்த பொத்தான்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கோத்து ஆளுக்கொரு பொத்தான் மாலை போட்டார்கள். ஒரு வாரம் வேலை பார்த்த பெண்ணின் நீண்ட கால உழைப்பைப் பாராட்டி இருபது வருஷம் வேலை பார்த்தவர் அரை மணி நேரம் பேசினார். மேனேஜருக்கும் மாலை விழுந்தது, அவர் கடைசி வரைக்கும் கழற்றவில்லை. எல்லாம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார், செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்து காலி. ஏங்க உங்களுக்கு மாலை போடலையா என்று கேட்டேன். நான் எந்த ஷிப்ட்டும்மா, ரெண்டு ஷிப்டுக்கும் ஊதறவன், காலை ஷிப்ட்காரன் நான் சாயங்காலம்னு நெனச்சுட்டான், சாயங்கால ஷிப்ட்காரன் நான் காலைன்னு நெனச்சுட்டான் என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை பாப்பா. அந்த ஃபேக்டரியில் அன்றைக்கு உண்மையாகவே ஓய்வு பெற்றது இவர் ஒருத்தர்தான், அத்தனை பேர் பொய்யாக ஓய்வு பெற்ற கூட்டத்தில் அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்குத் துவைத்த சட்டையின் பொத்தான் இரண்டு தெறித்து விழுந்தது.

மறுநாள் மே முதல் தேதி. ஓய்வு பெற்ற மனுஷன் விடியுமுன்னே எழுந்து தலை வாரிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன், ஊதிட்டு வந்துடறேன் என்றார். நீங்க ஓய்வு என்றேன், லீவுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா என்றார். போனார், ஊதினார். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்குத் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்த ஜனங்கள் இந்தத் தடவை என்ன நினைத்தார்களோ, வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களோ, இல்லை கால் தானாக வந்துவிட்டதோ, வீட்டு உடுப்போடு, பாதி சவரம் செய்த தாடையோடு, கழுத்தில் பொத்தான் மாலையோடு மொத்தக் கூட்டமும் ஃபேக்டரி வாசலில் வந்து நின்றது. வாசல் பூட்டியிருந்தது. கூட்டம் அப்படியே திரும்பிச் சதுக்கத்துக்கு ஊர்வலமாகப் போனது, நானும் அப்பாவைப் பிடித்துக் கூட்டிவர பின்னாலேயே போனேன். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார், ஆனால் அவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பாவம், ஆயுள் முழுக்க ஓய்வு வேண்டும் ஓய்வு வேண்டும் என்று கேட்டவர், கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார்கள். கடைசியில் வேண்டாம் வேண்டாம் ஓய்வு வேண்டாம் என்று கோஷம் போட்டார், உழைப்பாளர் தினத்தில் ஓய்வை எதிர்த்து ஊர்வலம் போன ஊர் நம்ம ஊராகத்தான் இருக்கும். அவர் கம்பத்துக்குக் கீழே நின்று பேசுகிறார், பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியுமா, அதுகள் பாட்டுக்கு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன, பச்சை ரிப்பன் அவர் முழங்காலில் சுற்றியது, மஞ்சள் இடுப்பில், ரோஸ் மார்பில், மனுஷன் பேச்சை நிறுத்தினால்தானே. உரிமை உரிமை என்று கையை ஆட்ட நினைத்து ஆட்ட முடியாமல் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். கழுத்துக்கு வந்தபோதுதான் நான் போய் என் கத்திரிக்கோலை எடுத்து வந்தேன், அதற்குள் ஒரு தாய் வந்து ரிப்பனை வெட்டினால் நல்ல நாளில் நல்லதில்லை என்று தடுத்துவிட்டாள், பிள்ளைகளை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டுத்தான் அவரை அவிழ்த்தோம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் டைப்பிஸ்ட் பெண் தலை நிறையப் பூவோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். எல்லாரும் கழுத்தில் பொத்தான் மாலையோடு தன்னை நோக்கி வருவதைப் பார்த்து அவள் திரும்பவும் பஸ்ஸில் ஏறப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும், ஐயோ, மே முதல் தேதி ஒரு நாள் லீவுங்க, தேதிக்கு இடம் இல்லங்க என்றாள். பிறகு சந்தோஷத்தில் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஆனால் அந்தச் சந்தோஷமும் ரொம்ப நேரம் நிற்கவில்லை, ஒரே நாள்தானா என்று பின்வரிசையில் முனகல் ஆரம்பித்தது, கொடுத்த ஓய்வைத் திருப்பி எடுக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது என்று சங்கத் தலைவர் மறுபடி மைக்கைத் தேடினார். மேனேஜரிடம் போர்டைத் திருத்தச் சொன்னால், நான் எப்படித் திருத்தறது, நான் ஓய்வு பெற்றவனாச்சே என்கிறார். நேற்று போர்டைப் படிக்காத ஒரே ஆள் அந்தப் பெண்தான், அதனால் வேலையில் இருக்கும் ஒரே ஆளும் அவள்தான் என்று பேசி முடிவு செய்து, அவளே மேனேஜரிடம் சாவியை வாங்கிக்கொண்டு போய் முதல் என்பதற்கும் அனைவருக்கும் என்பதற்கும் நடுவில் எறும்பு அளவில் தேதி என்று செருகி எழுதினாள். அப்புறம்தான் மேனேஜருக்கு வேலை திரும்ப வந்து, கூட்டம் கலையலாம் என்று உத்தரவு போட்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார். என்னங்க இது என்றேன். நாளைக்கு வேலைக்குப் போகணுமே, எனக்கும் ஒரு நாள்தான் ஓய்வு, போர்டுல அனைவருக்கும்னுதான போட்டிருக்கு, சங்கண்ணனத் தவிரன்னு போடலையே என்றார், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உங்க ஓய்வு வேற, அது நிஜம், அதுக்குத் தனியா உத்தரவு வந்து அலமாரியில இருக்கு என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் தேதி காலையில் போய் ஊதிவிட்டார். இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இவருக்குப் பதில் ஆள் போடாமல் தானாக ஊதும் ஒரு மிஷினைக் கொட்டகைக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள், அதை இவரிடம் சொல்ல மேனேஜருக்கு மனசு வரவில்லை. மிஷினின் கடிகாரம் கொஞ்சம் பின்னால் ஓடுகிறது. இவர் ஊதி எல்லாரும் உள்ளே போய் வேலைக்கு உட்கார்ந்ததும் அது ஊதியது. அடுத்தடுத்து இரண்டு சங்கு என்றால் அங்கே என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயசில் நீயே விளையாடியிருக்கிறாய், தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். மொத்த ஃபேக்டரியும் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தது. மூன்றாம் தேதியும் அப்படியே. நாலாம் தேதியும். வேலைக்கு வரும்போதே வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள். மேனேஜர் ஒரு நாள் சாயங்காலம் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, அம்மா நீங்கதான் எப்படியாவது அண்ணன வீட்டோட வச்சுக்கணும், நாங்க இன்னும் ஒரு பொத்தான்கூட முழுசா ஓட்டை போடல என்று கெஞ்சினார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா சார், நாங்க ஊருக்குக் கெளம்ப வேண்டிய நாள் நெருங்குது, பெட்டி கட்டினது கட்டினபடி கெடக்கு என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மட்டும் தனியாக வந்து நிற்கப்போகிறேன், உன் வயிற்றில் இருப்பது பிறக்கும்போதும் இந்த மனுஷன் யாருக்கோ ஊதிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஒரு முடிவோடு மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன், அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நல்ல வேளை, அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே கொட்டகை முன்னால் கூட்டம். போர்டு விவகாரத்துக்கெல்லாம் முன்னாலேயே அப்பாவின் நிஜமான ஓய்வுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்று சில பேர் பேசி வைத்திருந்தார்களாம், மறக்கவில்லை, கலவரத்தில் அமுங்கிப்போய்விட்டது. அவர் ஊதும் சங்கு மாதிரியே சின்னதாக ஒன்று, மேஜையில் வைக்கிற மாதிரி, என்று யோசித்து அதை வாங்கி வரும் பொறுப்பைக் கேன்டீன்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் இப்போதுதான் கொண்டு வந்திருக்கிறார். மேனேஜர் இரண்டு வார்த்தை பேசினார், காலை ஷிப்டிலிருந்து ஒருத்தர் சாயங்கால ஷிப்டிலிருந்து ஒருத்தர் சேர்ந்து பொத்தான் மாலை போட்டார்கள், அப்பா டப்பாவைத் திறந்தார். உள்ளே சங்குதான் இருந்தது. ஆனால் குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, ஒரு பக்கம் குழிவு, ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீண்டு, பளபளவென்று. எல்லாரும் கேன்டீன்காரரைப் பார்த்தார்கள். சங்குன்னுதானய்யா சொன்னீங்க, பாத்திரக் கடையில போய் சங்கு குடுன்னா இதத்தான் குடுப்பான் என்றார் அவர், குரலில் கோபம் வேறு.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பழக்க தோஷம்தான், மூக்குப் பக்கத்தை வாயில் வைத்து ஊதினார். புஸ் என்று காற்றுதான் வந்தது. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். அந்த நேரம் சுவர்க் கடிகாரத்தில் மத்தியானச் சங்குக்கு நேரமாகிவிட்டது. கைப்பிடி அவர் தலைக்கு மேலேதான் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் பாப்பா, அவர் கை மேலே போகவில்லை, இரண்டு கையிலும் அந்தக் குட்டிச் சங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்துக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து மிஷின் தானாக ஊதியது. ஒரே ஒரு தடவை. பழக்கத்தில் யாரோ ஒருத்தர் வாளியை எடுத்துவிட்டுப் பிறகு வெட்கத்தோடு கீழே வைத்தார். பரவால்ல, கொஞ்சம் லேட்டு, ஆனா நல்லாத்தான் ஊதுது என்றார் அப்பா, மிஷின் இருப்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். நான் கொண்டுபோன சாப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வீட்டுக்கு நடந்தோம். வழியில் சதுக்கத்தில் கம்பத்தை இன்னும் பிடுங்கவில்லை, ரிப்பன் எல்லாம் பாதி சுற்றினபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே கொஞ்சம் நின்றார். இங்க நான் இழுத்தா ஊரே எந்திரிக்குது, பிள்ள வீட்டுக்குப் போனா நான் எந்திரிச்சதே யாருக்கும் தெரியாதேம்மா, அங்க போயி நான் என்ன பண்ணுவேன்னு இருந்துச்சு என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்துகிற மனுஷன் இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் கழுத்தில் திரும்பிக்கிடந்த மாலையைச் சரி செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சங்கைத் தேய்த்துக் கழுவினார், இதுல எப்படிப் புகட்டறது, கத்துக்குடு என்றார். நீ சின்னவளாக இருந்தபோது உனக்கு ஒரு நாளாவது புகட்டியிருந்தால்தானே தெரியும். ரொம்பச் சாய்த்தால் புரை ஏறிவிடும், கடைவாய்ப் பக்கம் வைக்கணும், சொட்டுச் சொட்டாக விடணும் என்று காட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் பயிற்சிதான். முதலில் தலையணைக்குப் புகட்டினார், தலையணை நனைந்ததுதான் மிச்சம். இப்போது எதிர்வீட்டுத் தையல்காரரை நம் கூடத்தில் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, கழுத்தில் துண்டு கட்டி, அவருக்குத் தண்ணீர் புகட்டிப் பழகுகிறார். தையல்காரரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், அண்ணே நீங்க ஊதாம இருக்கறதுன்னா நான் எத்தனை சங்கு வேணும்னாலும் குடிக்கறேன் என்கிறார். நேற்று ஒரு தடவைகூடப் புரை ஏறவில்லை.

ஆக, நாங்கள் வருகிறோம் பாப்பா, இரண்டு பேரும் வருகிறோம், பேசியிருந்த நாளிலேயே வருகிறோம். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வரும்போது நீ கூட வராதே, அலையக்கூடாது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திரு போதும். நீயும் உன் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், உன் வீட்டில் சிரிப்புக்கும் சத்தத்துக்கும் ஒரு நாளும் குறை வரக்கூடாது, உன்னைப் பெற்ற வயிறு மனசு நிறைந்து சொல்கிறது. காலுக்கு இரண்டு தலையணை, மறந்துவிடாதே. அப்பாவும் ஒன்று சொல்லச் சொன்னார், நான் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், எழுதாமல் விட்டால் தூங்கமாட்டார். உன் குழந்தை ராத்திரி எத்தனை தடவை அழுதாலும் நீயும் மாப்பிள்ளையும் எழுந்திருக்க வேண்டாமாம், பேசாமல் தூங்க வேண்டுமாம், அது அவருடைய ஷிப்டாம்.

இப்படிக்கு
உன் அம்மாவும்,
மே முதல் ஓய்வு பெற்ற உன் அப்பாவும்
(தேதிக்கு இடம் இருந்தது, நான்தான் எழுதவில்லை)